கை தந்த ஊரும் மரத்தில் கடைந்த மீனும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் திருமழிசை. சென்ட்ரலிலிருந்து கணக்கு வைத்தால் சுமார் 25 கி.மீ. பெரும்பாலானவர்களுக்கு இது ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போகும் வழியில் ஜன்னல் ஓரம் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, தற்காலிகக் காய்கறிச் சந்தை இங்கேதான் வந்தது. அந்தச் சில மாதங்கள் சென்னையின் சாம்பாருக்கே திருமழிசைதான் பொறுப்பு.

இறங்கி நடந்தால் இந்த ஊருக்கு மூன்று முகங்கள் தெரியும். ஒன்று, திருமழிசை ஆழ்வார் பிறந்த பழைய கோயில் ஊர். இரண்டாவது, சிட்கோ தொழிற்பேட்டை. மூன்றாவது, தெற்கே கொஞ்ச தூரத்தில் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி. கோயில், லேத், ஏரி. இந்த மூன்றையும் ஒரே நூலில் கோக்கும் ஒரு சின்னப் பொருள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும். பெயர், மரத்தில் கடைந்த தூண்டில் இரை. தூண்டில்காரர்கள் ‘லூர்’ என்பார்கள்.

திருமழிசை இந்த இரைக்குப் பெயர் போன ஊர் இல்லை. ஆனால், அதைச் செய்யத் தேவையான எல்லாம் இங்கே ஒரே இடத்தில் இருக்கிறது: சுழலும் இயந்திரம், பக்கத்திலேயே தண்ணீர், உளி பிடிக்கத் தெரிந்த கை.

கை கேட்ட கதை

கையைப் பற்றிப் பேச திருமழிசையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இங்குள்ள சிவன் ஒத்தாண்டேஸ்வரர். இன்னொரு பெயர் ‘கைதந்தபிரான்’. கரிகால் சோழன் யானைமேல் வந்தபோது யானையின் கால் ஒரு கொடியில் சிக்கியதாம். மன்னன் வாளை எடுத்துக் கொடியை வெட்ட, ரத்தம் பீறிட்டது. விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம். பதறிப்போன மன்னன், தவறு செய்த தன் கையையே வெட்டிக்கொண்டான். இறைவன் அந்தக் கையைத் திரும்பத் தந்தார் என்கிறது தலவரலாறு.

ஆழ்வாரின் கதையிலும் கைத்தொழில் உண்டு. பிரம்புப் புதரில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர், பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளன். அவர் மனைவி பங்கயச்செல்வி. நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்த விருத்தமும் பாடிய ஆழ்வார் வளர்ந்தது, அரிவாளும் பிரம்புக்கட்டும் இருந்த வீட்டில்.

இந்த ஊரின் இன்றைய கைகள் தொழிற்பேட்டையில் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, திருமழிசை என்று நீளும் மேற்குச் சென்னை முழுக்கவே லேத் சத்தம் கேட்கும் பகுதி. பெரிய கம்பெனிகள் கொடுக்கும் ஜாப் ஒர்க்கை வாங்கி, சிறிய பட்டறைகள் இரும்பைக் கடைகின்றன. கணினி சொல்கிறபடி தானே கடையும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தபின் கையால் ஓட்டும் லேத்துகளுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஒரே மாதிரி ஆயிரம் உருப்படி வேண்டும் என்றால் இயந்திரம்தான் ஜெயிக்கும். ஒன்றே ஒன்று, அதுவும் இப்படித்தான் வேண்டும் என்றால் இன்னமும் கைதான்.

இரும்பு லேத், மர லேத்

இரண்டும் ஒரே தத்துவம். நடுவில் கட்டை சுழலும். உளி அதைச் சீவும். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இரும்பு லேத்தில் உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும்; மனிதன் கைப்பிடிச் சக்கரத்தைத் திருப்பி அதை நகர்த்துவான். மர லேத்தில் உளி முழுக்க முழுக்க மனிதன் கையில். ஒரு தாங்கி மட்டும் குறுக்கே இருக்கும். அதன்மேல் உளியை வைத்து, இடுப்பிலிருந்து உடம்பையே அசைத்துக் கடைய வேண்டும். உருவம் மனதில் இருந்து தோளுக்கு, தோளில் இருந்து மணிக்கட்டுக்கு இறங்கும்.

இதற்குத் தமிழில் அழகான பெயர் உண்டு: கடைசல். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை, நடைவண்டிச் சக்கரம் எல்லாம் கடைசல் வேலைதான். தெருவில் ஓடித் திரிந்த எல்லாக் குழந்தைகளும் கையில் வைத்திருந்த கடைசல் பொருள் ஒன்று உண்டு. பம்பரம்.

பம்பரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது மீனாகப்போகிறது.

மீனை ஏமாற்றும் மரத்துண்டு

மரத்தால் மீனை ஏமாற்றும் வேலை பல நாடுகளில் நடந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டோவாஜியாக் என்ற சிற்றூர். அங்கே ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர் இருந்தார். ஒருநாள் நண்பருக்காகக் குளக்கரையில் காத்திருந்தவர், பொழுதுபோகாமல் ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டிருந்தாராம். சீவி முடித்ததைத் தண்ணீரில் வீச, ஒரு பெரிய மீன் பாய்ந்து அடித்ததாம். கதை எவ்வளவு நிஜமோ, அவர் தொடங்கிய கம்பெனி நிஜம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பெட்டியில் ஹெடனின் மர மீன்கள் குவிந்தன.

இன்னொரு கதை பின்லாந்தில். லௌரி ரபாலா ஏழை மீனவர். பையன்னே என்ற பெரிய ஏரியில் துடுப்பு போடும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். கூட்டமாகப் போகும் சின்ன மீன்களில், வேட்டை மீன் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. தடுமாறி, தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் குறிவைக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தை மரத்தில் கொண்டுவர முடியுமா என்று யோசித்தார். 1936-ல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி ஒரு மீன் செய்தார். செதிலுக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளிக் காகிதம். நீர் புகாமல் இருக்க, உருக்கிய போட்டோ நெகட்டிவ் பூச்சு. வீட்டில் கிடந்த கழிவிலிருந்து பிறந்த அந்த மீன், 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகையில் இடம்பிடித்தது. மர்லின் மன்றோ மறைந்ததை ஒட்டி அவர் படம் அட்டையில் வந்த இதழ் அது. அதன்பின் ரபாலா வீட்டுக்கு வந்து குவிந்த ஆர்டர்களைச் சமாளிக்கவே முடியவில்லை.

இப்போது பம்பரத்துக்கு வருவோம். பம்பரம் தலையாட்டினால் அது கெட்ட பம்பரம். ‘கடைசல் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போம். மர மீனில் நேர்மாறு. தலையாட்டம்தான் அதன் உயிர். அச்சுப் பிசகாமல் கடைந்த பிறகு, எங்கே எவ்வளவு பிசக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் செய்பவரின் திறமை.

விரால் ஏன் மேலே வருகிறது?

தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் இந்த மர இரைக்கு ஏற்ற மீன் விரால். முள் குறைவு, சதை கெட்டி என்பதால் சமையலறையிலும் அதற்குத் தனி மரியாதை. தெலங்கானாவில் அதுதான் மாநில மீன்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். சேறு கலங்கிய குட்டையிலும் அது பிழைத்துக்கிடப்பது அதனால்தான். மேலே வரும் பழக்கம் உள்ளதால், தாமரை இலை ஓரம் தாவும் தவளையும் தத்தளிக்கும் கெண்டைக்குஞ்சும் அதன் கண்ணில் உடனே படும். ‘குபுக்’ என்று தண்ணீர் பிளக்கும் சத்தம் கேட்டால், அடித்தது விரால் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

கிராமங்களில் உயிர்த் தவளையை முள்ளில் குத்தி விரால் பிடிப்பது பழைய வழக்கம். அந்த இடத்துக்கு வந்ததுதான் மரத் தவளை. தாய்லாந்திலும் மலேசியாவிலும் விரால் இனங்களைப் பிடிக்க, தவளை வடிவ மர இரைகளைக் கையாலேயே செய்து வர்ணம் தீட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு தவளையின் உயிர் மிச்சம். ஒரே இரை பல நாள் உழைக்கும்.

எந்த மரம்?

நல்ல இரைக்கு மூன்று தகுதிகள்: மிதக்க வேண்டும், ரேகை நேராக ஓட வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் பால்சா, செடார் மரங்களை நாடுவார்கள். பால்சா கிட்டத்தட்ட நெட்டியைப்போல லேசு. உளி கொஞ்சம் அழுத்தினாலும் பிய்ந்துவிடும். நம் பக்கம் மலைவேம்பும் வெட்பாலையும் கடைசலுக்கு இணங்கும் மரங்கள். தேக்கு மிதக்கும், ஆனால் கனம் அதிகம். தூரமாக வீச அது நல்லது. மேலே துள்ள வேண்டும் என்றால் சோம்பேறி. முள்முருங்கை மிகவும் லேசு. பழகும் கைக்கு ஏற்றது.

காசு கொடுத்து மரம் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. தச்சுப் பட்டறையில் நிலை, கதவு செய்து மிஞ்சும் துண்டுகள் போதும். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகளும் நல்ல கச்சாப்பொருள். ஆனால், பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்.டி.’ என்று இருந்தால், பூச்சி போகச் சூட்டில் பதப்படுத்திய மரம். ‘எம்.பி.’ என்று இருந்தால், மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் பதப்படுத்தியது. அதை ஒதுக்கிவிட வேண்டும். கடையும்போது அந்தத் தூசு நம் மூக்கில்தான் ஏறும்.

கட்டையிலிருந்து மீன் வரை

சுமார் 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. சதுரத்தில் ஒரு கட்டை. இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடம் மையம். அந்த மையப்புள்ளிகளுக்கு நடுவே கட்டையை லேத்தில் பூட்ட வேண்டும். நான்கு மூலைகளையும் முன்பே ரம்பத்தால் சீவி எண்கோணமாக்கினால் உளி அதிராது.

முதலில் மெதுவான வேகம். வாய் வளைந்த உளியால் மூலைகளை எடுத்து உருளையாக்குவது ஆரம்பம். பிறகு வேகத்தைக் கூட்டி, வாய் சாய்ந்த தட்டை உளியால் தலை, வயிறு, வால் என்று வளைவுகள். மரம் காய்ந்திருந்தால் சீவல் பூவாய்ப் பறக்கும். ஈரம் இருந்தால் நார் நாராய் ஒட்டும். உப்புத்தாள் பிடித்து வழவழப்பாக்கி, கடைசியில் இரண்டு முனைகளையும் அறுத்து எடுத்தால், கையில் ஒரு மரக் குழவி. பழகிய கைக்கு இந்த வேலை சில நிமிடம்தான்.

இங்கே லேத்தின் எல்லையும் தெரிந்துவிடும். லேத் எதையும் உருண்டையாகத்தான் தரும். மீனோ பக்கவாட்டில் தட்டையானது. அதனால், நீருக்குள் மூழ்கி நீந்தும் மீன் வடிவ இரைகளுக்குக் கடைசலுக்குப் பிறகு கத்தியால் இரண்டு பக்கமும் சீவ வேண்டும். நீர்மட்டத்தில் துள்ளும் இரைகளுக்கு உருண்டையே போதும். முகத்தைக் கிண்ணம்போலக் குடைந்துவிட்டால், இழுக்கும்போது தண்ணீரைக் ‘களக் களக்’ என்று விழுங்கும். விராலைக் கூப்பிடும் மணி அதுதான்.

அடுத்து, தலையிலிருந்து வால்வரை நடுவே ஒரு துளை. அதன் வழியே துருப்பிடிக்காத கம்பியைச் செலுத்தி, இரண்டு முனையிலும் வளையம். முன்வளையத்தில் நரம்பு, பின்வளையத்தில் மூன்று முள் சேர்ந்த கொக்கி. மரத்தில் திருகாணி போட்டு முடித்துவிடலாமே என்று தோன்றும். விரால் முறுக்கும் முறுக்கில் மரம் பிளந்தால் திருகாணி கழன்றுவிடும். கம்பி ஊடுருவியிருந்தால், மரம் இரண்டாய்ப் போனாலும் மீன் கையில் இருக்கும்.

துலாக்கோல் சோதனை

உலகம் முழுவதையும் ஒரு தட்டில், திருமழிசையை மறு தட்டில் வைத்து நிறுத்தபோது, திருமழிசை இருந்த தட்டே தாழ்ந்தது என்று இந்த ஊரின் புராணம் சொல்கிறது. ‘மஹீசாரம்’ என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள். ஜகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு ‘மத்திய ஜகந்நாதம்’ என்றும் பெயர் உண்டு. வடக்கே பூரி, தெற்கே திருப்புல்லாணி, நடுவே திருமழிசை.

மர மீனின் பெருமையும் நிறுவையில்தான் தெரியும். உருண்டையான கட்டைக்கு மேல் எது, கீழ் எது? அது தானாகத் தெரியாது. வயிற்றில் ஒரு சின்னக் குழி போட்டு ஈயக்குண்டை வைத்தால்தான் முதுகும் வயிறும் பிறக்கின்றன. குண்டைப் பின்பக்கம் வைத்தால் தலை நிமிர்ந்து நிற்கும். நடுவில் வைத்தால் படுத்து மிதக்கும். கொஞ்சம் அதிகமானால் மூழ்கிவிடும். அதனால், வர்ணம் அடிப்பதற்கு முன்பே கொக்கிகளை மாட்டி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் பூசும் வர்ணத்துக்கும் எடை உண்டு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஈயம் நச்சு. வீட்டு அடுப்பில் உருக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் குண்டுகளை வாங்கிப் புதைத்து, பசையால் முழுக்க மூடிவிடுவது நல்லது. ஈயம் வேண்டாம் என்றால் சைக்கிள் பால்ரஸ் குண்டும் உதவும்.

கடைசி வேலை பூச்சு. இதில்தான் நாள் கணக்கில் பொறுமை வேண்டும். ஒரு மயிரிழை வழியே தண்ணீர் புகுந்தாலும் மரம் ஊதி, வர்ணம் வெடித்துவிடும். அடிப்பூச்சு, உப்புத்தாள், வெள்ளை, வர்ணம், கண், மேலே எப்பாக்சி என்று அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும். லேத்தில் நிமிடங்களில் பிறந்த மீன், தண்ணீரைப் பார்க்க ஒரு வாரம்கூட ஆகலாம். கையால் செய்த இரையின் விலை ஏன் கூடுதல் என்பதற்கு இந்த ஒரு வாரம்தான் பதில்.

அரக்கு பூசிய ஊர்கள்

கடைசல் மரத்துக்கு வர்ணம் ஏற்றுவதில் நமக்கே ஒரு பழைய முறை உண்டு. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். திருமழிசை வழியே போகும் இதே நெடுஞ்சாலையில் பெங்களூருவரை சென்று, மைசூரு சாலையில் இன்னும் 60 கி.மீ. போனால் சென்னபட்டணம், பொம்மைகளின் ஊர். இரண்டு ஊரிலும் அரக்குதான் அழகு. சுழலும் மரத்தின்மேல் வர்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். சென்னபட்டணத்தில் பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை.

தூண்டில் இரைக்கு அரக்கு மட்டும் போதாது. நீண்ட நேரம் ஊறினால் வெளுத்துப்போகும். ஆனால், கடையும் கை அதே கைதான். பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தபின் சொப்பு கடைந்த பட்டறைகள் குறைந்தன. அடுத்த தலைமுறை உளியை எடுக்கத் தயங்குகிறது. ஒரு கடைசல்காரர் தொழிலை விட்டால், அவரோடு போவது ஒரு வருமானம் மட்டும் இல்லை. எந்த மரம் எந்த வேகத்தில் எப்படிச் சத்தம் போடும் என்ற காதறிவும் சேர்ந்து போகிறது. புத்தகத்தில் அதை எழுதிவைக்க முடியாது. பூரிக்கட்டைக்கும் பம்பரத்துக்கும் அடுத்ததாக அந்தக் கைக்கு ஒரு புதிய வேலை கிடைத்தால், அது தூண்டில் இரையாக இருந்தாலும் லாபம்தான்.

லேத் முன் நிற்பவர்களுக்கு

கைதந்தபிரான் எல்லோருக்கும் கையைத் திரும்பத் தரமாட்டார். சுழலும் லேத் முன்னால் தொளதொளச் சட்டை, துப்பட்டா, விரித்த கூந்தல், மோதிரம், கைக்கயிறு எதுவும் கூடாது. பாதுகாப்புக்கு என்று கையுறை போடுவதும் தவறு. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடியும் தூசு முகமூடியும் கட்டாயம். உப்புத்தாள் பிடிக்கும்போது உளித் தாங்கியை நகர்த்திவிட வேண்டும். குழந்தைகள் பார்க்கலாம், தொடாத தூரத்தில் நின்று.

ஏரிக்கரையில்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீர்த் தொட்டிகளில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தமிழ்நாடே உச்சரித்த பெயர். குடிநீர் ஏரி என்பதால் நினைத்தபடி இறங்கித் தூண்டில் வீச முடியாது. தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கோ மீனவர் சங்கங்களுக்கோ விடப்பட்டிருக்கும். எந்த ஏரியாக இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்வதே முறை. அந்த மீனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கரையிலேயே இருக்கின்றன.

இன்னொரு கட்டுப்பாடு எந்தச் சட்டத்தைவிடவும் முக்கியம். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய் நீர்மட்டத்தில் குமிழியிட, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே இரையை வீசினால் பெற்றோர் பாய்ந்து அடிக்கும். அது பசியில் இல்லை, பிள்ளைகளைக் காக்க. மிகச் சுலபமாகக் கிடைக்கும் மீன் அதுதான். அதைப் பிடித்துவிட்டால், காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்குகளும் கொத்திவிடும். ஒரு குழம்புக்காக ஒரு குளத்தின் அடுத்த வருடம் போய்விடும். நல்ல தூண்டில்காரர் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போவார்.

திருமழிசைக்குப் போகிறவர்கள் தை மாதம் மக நட்சத்திர நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆழ்வார் அவதரித்த நாள். காலையில் பெருமாளையும் ஒத்தாண்டேஸ்வரரையும் தரிசித்துவிட்டு, தொழிற்பேட்டைத் தெருக்களில் ஒரு நடை நடக்கலாம். பூந்தமல்லியிலிருந்து பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் உண்டு. ஊர் திரும்பியதும் பழைய அலமாரியைக் குடைந்தால் ஆணி மழுங்கிய ஒரு பம்பரம் கிடைக்கலாம். அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, எந்தப் பக்கம் சாய்ந்து மிதக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஏன் அப்படிச் சாயுது?’ என்று ஒரு கேள்வி வந்தால், உளி பிடிக்கும் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.